சூசைப்பிள்ளையின் வலக்கை

முதலில் அநியாயம் செய்தது தங்கரத்தினம்தான்.

வெள்ளைக்காரக் கடற்படை திருகோணமலைத் துறைமுகத்தை விட்டுப்போன அடுத்த வருசம். சூசைப்பிள்ளைக்கு வலக்கை தோளோடு இறுகிப்போனது. தோணி வலிக்க ஏலாது. சபையில் எல்லாரும் இரண்டு கையையும் உயர்த்தித் துதிக்கும்போது, இவர் மட்டும் ஒற்றைக் கையோடு நிற்பார்.

சபை மூப்பர் தங்கரத்தினம் குணமாக்கும் வரம் பெற்றவர் என்று பேரெடுத்தவர். தோளில் எண்ணெய் பூசினார். ஆவி இறங்கினால் வாயில் வரும் அந்நியபாஷையில் முழங்கினார். கை அசையவில்லை.

“இந்த மனுசனுக்கு விசுவாசம் இல்லை!” என்று சபை நடுவே சொல்லிவிட்டார்.

மாரி மழை முடிந்து ஒரு ஞாயிறு, துதி வேளையில் சூசைப்பிள்ளையின் இரண்டு கையும் மேலே போயின.

“பாத்தீங்களே! நான் ஜெபிச்ச கை!” தங்கரத்தினம் துள்ளினார். “சகோதரன், எழும்பிச் சாட்சி சொல்லுங்கோ!”

சூசைப்பிள்ளை எழும்பினார். பெண்கள் பக்கம், கடைசிப் பாயில் இருந்த இராசமலரைப் பார்த்தார்.

அவள் தங்கரத்தினத்தின் மனைவி. அந்நியபாஷை ஒருநாளும் வாயில் வராதவள். “என்ர வீட்டிலேயே ஒரு வெறும் பாத்திரம்” என்று புருசன் பிரசங்கத்திலேயே பகிடி பண்ணுவார்.

அவள் வேண்டாமென்று மெல்லத் தலையசைத்தாள்.

“கர்த்தருக்கு ஸ்தோத்திரம்,” என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் இருந்துவிட்டார்.

“மூப்பரைப் பற்றி ஒரு சொல்லும் வரேல்லையே! நன்றி கெட்ட கிழடு!” பின்னாலிருந்து யாரோ முணுமுணுத்தது காதில் விழுந்தது.

கூட்டம் கலைந்தது. வாசலில் இராசமலர் செருப்பைத் தேடிக்கொண்டு நின்றாள். சூசைப்பிள்ளை கிட்டப் போனார்.

“தங்கச்சி, மாரி முழுக்க எங்கட வீட்டுக்கு வந்து, என்ர மனுசி உப்பு வறுத்துத் தர, ஒத்தடம் போட்டுப் போட்டுக் கையைத் தூக்கி எடுத்தது நீங்கள். பேர் அவருக்கோ?”

“கை எழும்பினது போதாதே அண்ணே? நாளைக்கும் வாறன். தோளில இன்னும் கொஞ்சம் இறுக்கம் கிடக்கு.”

“விசுவாசம் இல்லையெண்டு அவர் சொன்ன சொல் நெஞ்சில இறுகிக் கிடக்கே. அதுக்கு என்ன ஒத்தடம்?”

“ஒருநாளைக்கு அதைச் சபையிலேயே திருப்பி எடுப்பார். அதுக்கும் ஜெபிக்கிறனான்.”

“எந்தப் பாஷையில?”

“எனக்குத் தமிழ்தானே அண்ணே தெரியும்.”

சூசைப்பிள்ளை சிரித்துவிட்டார். கண் கலங்கியது. வலக்கையைத் தயக்கமில்லாமல் தூக்கி, இடக்கையோடு சேர்த்து அவளைக் கும்பிட்டார்.

சொன்னதைத் திருப்பி எடுத்துத் தங்கரத்தினம் தரவேண்டிய அந்த வார்த்தை மட்டும் இன்னும் வரவில்லை.