மஞ்சப் பசை

தண்ணீர் தளதளவென்று கொதித்துவிட்டது. தச்சர் இடது கையால் மக்காச்சோள ரவையை அள்ளி, மேலிருந்து மெல்லத் தூவினார். வலது கை மரக்கரண்டியைச் சுற்றிக்கொண்டே இருந்தது.

"கையை நிறுத்தாதீங்க!" என்றாள் மனைவி. பேருந்தில் நடத்துநர் வேலை அவளுக்கு. வீட்டில் ரகசியம் பேசினாலும் கடைசி இருக்கை வரைக்கும் கேட்கும்.

கட்டி விழக் கூடாது. மற்ற நாளில் எப்படியோ போகட்டும், இன்றைக்கு ஒரு கட்டிகூட விழக் கூடாது.

கூடத்தில் ஆறு வயதுச் சிறுமி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். காலை பத்து மணிக்குத்தான் குழந்தைகள் இல்லத்திலிருந்து கையெழுத்துப் போட்டுக் கூட்டி வந்திருந்தார்கள். மூன்று வருட அலைச்சல். இனிமேல் அவள் இந்த வீட்டுப் பிள்ளை.

தச்சருக்குத் தலைகால் புரியவில்லை. சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே இல்லம் வரைக்கும் போய்விட்டு வந்திருந்தார். மனைவியும் கவனிக்கவில்லை என்றால் அவள் நிலைமையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

என்ன சாப்பிடப் பிடிக்கும் என்று போன மாதம் கேட்டபோது சிறுமி யோசிக்கவே இல்லை. மஞ்சப் பசை என்றாள்.

தச்சர் திருதிருவென்று விழித்தார். பட்டறையில் பலகை ஒட்ட அவர் டப்பா டப்பாவாக வைத்திருக்கிறாரே, அதையா இந்தப் பிள்ளை தின்கிறது?

இல்லத்துச் சமையல்காரம்மாதான் சிரித்துக்கொண்டே விளக்கினாள். சோள ரவையைக் கொதிநீரில் போட்டுக் கிண்டி, வெண்ணெய் சேர்த்து இறக்குவது. பாக்கெட்டில் போலெண்டா என்று அச்சடித்திருக்கும்; பிள்ளைகள் வைத்த பெயர் மஞ்சப் பசை. சனிக்கிழமை மதியம் அதுதான். எண்பது பேருக்கு ஒற்றை ஆளாகக் கிண்டுவதால் அங்கங்கே கட்டி தட்டிவிடும், பாவம், அதையும் சாப்பிட்டுவிடும் இதுகள் என்றாள்.

அந்தப் 'பாவம்' தச்சருக்குச் சுருக்கென்று தைத்தது. பலகையில் ஒரு பிசிறு இருந்தாலும் தூக்கம் வராத மனுஷர். என் வீட்டில் என் பிள்ளை கட்டியில்லாமல்தான் சாப்பிடும் என்று அங்கேயே முடிவு கட்டிவிட்டார்.

அதற்கப்புறம் நாலு ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை. முதல் வாரம் சட்டி நிறையக் கோலிகுண்டு. இரண்டாம் வாரம் அடிபிடித்து, சட்டியைச் சுரண்ட உளியை எடுக்கப் போனவரை மனைவி தடுத்தாள். மூன்றாம் வாரம் பிடிபட்டது: தூவுகிற கை அவசரப்படக் கூடாது, கிண்டுகிற கை அசரக் கூடாது. நாலாம் வாரம் வழுவழுவென்று வந்தபோது இருவரும் அடுப்படியில் குதித்ததில் கீழ்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார்.

இன்றைக்கு அதைவிட நன்றாக வந்துகொண்டிருந்தது. முக்கால் மணி நேரம். கூழ் பொளக் பொளக்கென்று வெடித்து மணிக்கட்டில் தெறித்தது. தச்சர் உதறிக்கொள்ளக்கூட இல்லை. தோள்பட்டை கழன்று விழும் போலிருந்தது; விழட்டும், நாளைக்கு மாட்டிக்கொள்ளலாம்.

வெண்ணெய் உருகிக் கலந்ததும் கரண்டியை உயர்த்தினார். கூழ் பட்டு நாடாவாக இறங்கியது.

"வந்துடுச்சு!" என்று மனைவி போட்ட சத்தத்தில் சிறுமி நாற்காலியோடு திடுக்கிட்டாள்.

மூன்று தட்டு. ஆவி பறந்தது. இருவரும் ஸ்பூனைத் தொடாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் சாப்பிடவில்லை.

ஸ்பூனைத் தட்டின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் இழுத்தாள். அடியிலிருந்து புரட்டினாள். ஸ்பூனின் முதுகால் அழுத்தி அழுத்திப் பார்த்தாள். நெற்றி சுருங்கியது.

தச்சர் தன் தட்டைப் பார்த்தார், அவள் தட்டைப் பார்த்தார். பிடிக்கவில்லை. அந்தச் சமையல்காரம்மா கைப்பக்குவம் வரவில்லை. என்னைத் திரும்பக் கொண்டுபோய் விடுங்கள் என்று பிள்ளை இப்போது சொல்லிவிட்டால் என்ன செய்வது?

"என்னடா கண்ணு தேடறே?" மனைவியின் குரல் பக்கத்து இருக்கைக்குக்கூடக் கேட்டிருக்காது.

"கட்டி."

இன்னொரு தடவை தட்டு முழுக்கத் துழாவினாள். பிறகு நிமிர்ந்தாள். முகமெல்லாம் பல்.

"இல்லவே இல்ல! அங்க யார் தட்டுல கட்டி வருதோ, அவங்களக் கூட்டிட்டுப் போக ஆள் வந்துடும். நீங்க மொத தடவ வந்தீங்கல்ல, அன்னிக்கு எனக்குத்தான் வந்துச்சு. இங்க கட்டியே இல்ல. இனிமே என்னைக் கூட்டிட்டுப் போக யாருமே வர மாட்டாங்க!"

சொல்லிவிட்டு அள்ளி அள்ளிச் சாப்பிட ஆரம்பித்தாள். மூக்கில் பட்டது, கன்னத்தில் பட்டது, அவள் கண்டுகொள்ளவில்லை.

மனைவி தண்ணீர் கொண்டுவரப் போகிறவள்போல அடுப்படிக்குப் போய் நின்றுகொண்டாள். தண்ணீர் மேசைமேலேயே இருந்தது.

தச்சருக்கு அழுகையும் சிரிப்பும் முட்டிக்கொண்டு வந்தன. முகத்தை மறைக்க ஒரு வாய் எடுத்துப் போட்டார். நாக்கில் ஏதோ உருண்டது. மிளகளவுதான். உள்ளே வேகாத ரவை.

சிறுமி சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவர் வாயையே பார்த்தாள்.

"உங்களுக்கு?"

தச்சர் பல்லில் படாமல் விழுங்கினார்.

"இல்லடா கண்ணு," என்றார். "ஒண்ணுகூட இல்ல."