பூங்கா வாசலில் காக்கிச் சட்டை

கொழும்பு வெள்ளவத்தை லொட்ஜில் அந்த அறைக் கதவு பிற்பகலிலும் பூட்டியே இருக்கிறது. கட்டில் விளிம்பில் நவரத்தினமும் மனைவி திலகவதியும் அருகருகே அமர்ந்து, கனடாவிலிருந்து மகன் அனுப்பிய வீடியோ கசற்றைப் பார்க்கிறார்கள். அமெரிக்கக் காட்டுப் பூங்கா ஒன்றுக்குள் அவன் போன பயணம். கட்டிலும் அடுப்பும் குளியலறையும் உள்ள பெரிய வாகனம் சிவந்த மரங்களுக்கு நடுவே வழுக்கிக்கொண்டு போகிறது. அந்தச் சிவப்பு இவர்களின் முகத்திலும் படிகிறது. “எங்கட அறையைவிடப் பெரிசு,” என்கிறாள் திலகவதி. பூங்கா வாசலில் வாகனம் நிற்கிறது. தொப்பி வைத்த காக்கிச் சட்டைக்காரன் ஒருவன் கண்ணாடியருகே குனிகிறான். நவரத்தினத்தின் கை தன்பாட்டில் சட்டைப் பைக்குப் போய் அடையாள அட்டையைத் தொடுகிறது. காக்கிச் சட்டைக்காரன் சிரித்தபடி ஒரு வரைபடத்தை நீட்டுகிறான். “எத்தினை நாள் நிப்பியள் எண்டு மட்டும்தான் கேட்டவர், அப்பா. பேர்கூடக் கேக்கேல்லை,” என்கிறது மகனின் குரல். கொழும்பில் தங்கும் வெளியூர்த் தமிழர் பொலிஸில் பதிய வேண்டும் என்பதால் நேற்றுப் போனபோது பொலிஸ்காரர் நவரத்தினத்திடம் கேட்டதும் அதே கேள்விதான், பெயரைக் கேட்ட பிறகு. கீழே ஒழுங்கையில் ஒரு பொலிஸ் ஜீப் வந்து நிற்கிறது. சப்பாத்துச் சத்தம் படியேறுகிறது. திலகவதி எழுந்துபோய் டீவியில் மகனின் தமிழைச் சத்தமே இல்லாமல் குறைத்துவிடுகிறாள். அவன் வாகனத்துக் கட்டிலைத் தட்டித் தட்டிக் காட்டி, இவர்களைப் பார்த்து ஏதோ சொல்லிக்கொண்டே இருக்கிறான். பக்கத்து அறைக் கதவைத் தட்டுகிறார்கள். நவரத்தினம் குனிந்து செருப்பை மாட்டிக்கொள்கிறார்.