துரையின் கால் அளவு

அந்த ஒரு வாக்கியம் இன்னும் வரவில்லை.

மேடை நாற்காலியில் அவன் உட்கார்ந்திருந்தான். கழுத்தில் மாலை. வலது கால் மடங்காமல் முன்னால் நீட்டிக்கொண்டிருந்தது, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன உலக்கை மாதிரி.

கிளப் காரியதரிசி பேசிக்கொண்டிருந்தார். ராவ்சாகிப் பட்டத்துக்குக் காத்திருப்பவர். முன்வரிசையில் கம்பெனியின் வெள்ளைக்காரத் துரை உட்கார்ந்துவிட்டால் அவருக்குத் தொண்டை வற்றாது.

பேச்சில் பீமன் வந்துவிட்டான். அனுமார் வந்துவிட்டார். நளன்கூட வந்து போனான், எதற்கென்று தெரியவில்லை.

"இந்தக் கால்கள் நம் தங்கச் சுரங்கத்தின் சொத்து!"

கைதட்டல்.

ஒரு கால், என்று அவன் மனதுக்குள் திருத்திக்கொண்டான்.

இன்னொன்றின்மேல் பட்டாளத்து டீமின் வெள்ளைக்காரன் ஒருவன் பூட்ஸோடு ஏறி நின்றுவிட்டான். கடைசி ஆட்டத்தில். பந்து அதற்குள் கோலுக்குப் போயிருந்தது. கம்பெனிக்குக் கப் வந்தது. முழங்கால் வரவில்லை.

பந்து ஆடுகிறவனுக்குச் சுரங்கத்துக்கு மேலே வேலை. விளக்கறையில் உட்கார்ந்து, கீழே போகிறவர்களுக்கு விளக்கைத் துடைத்து நீட்ட வேண்டும். வேலை பேருக்கு, சம்பளம் பந்துக்கு. ஆட்டம் நின்றால் கீழே. எந்தச் சட்டத்திலும் இப்படி எழுதியிருக்கவில்லை. அதனால்தான் யாராலும் அதை மாற்ற முடியவில்லை.

அவன் அப்பா கீழேதான் இருந்தார். கல்தூசி இருமலோடு மேலே வந்தார். ஒரு மழைக்காலம்கூட மேலே தங்கவில்லை.

துரை மனது வைத்தால் விளக்கறை வேலை நிலைக்கும். மேடையிலேயே கேட்டுவிடுகிறேன் என்று காரியதரிசி சொல்லியிருந்தார். முதுகில் தட்டிக்கூடக் கொடுத்தார்.

பேச்சு சாம்ராஜ்யத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பியது. அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"ஆகவே, நம் வீரருக்கு, துரை அவர்கள் தம் திருக்கரத்தால்..."

ஓர் அட்டைப்பெட்டி.

பூட்ஸ். சீமைத் தோல். முகம் தெரிந்தது.

ஆயுசு முழுக்க வெறுங்காலில் ஆடியவனுக்கு.

காரியதரிசி உட்கார்ந்துவிட்டார். பேச்சு முடிந்துவிட்டது.

கொட்டகை அதிர்ந்தது.

"போட்டுக் காட்டு அண்ணாத்தே!"

"இனிமே போட்டு இன்னாத்துக்குடா?"

போட்டான். தோணி மாதிரி கிடந்தன. கால் உள்ளே எங்கேயோ இருந்தது. வெறுங்கால்காரனுக்கு ஏது அளவு? வாங்கப் போனவர்கள் துரையின் கால் அளவைக் கொடுத்திருந்தார்கள். துரைக்கு மரியாதை செய்தது மாதிரியும் ஆயிற்று.

கயிறு கட்டக் குனிந்தான். முழங்கால் விடவில்லை.

பெண்கள் பக்கத்திலிருந்து அவன் மனைவி எழுந்து வந்தாள். மேடையேறி அவன் காலடியில் உட்கார்ந்தாள். பூட்ஸைக் கழற்றி உள்ளே கையை விட்டுப் பார்த்தாள். பிறகு சுற்றுமுற்றும் பார்த்தாள்.

அவன் மடியில் உபசாரப் பத்திரம் இருந்தது. ரோஸ் காகிதம், பொன் எழுத்து. பீமன் தொடங்கி சாம்ராஜ்யம் வரை எல்லாம் அதில் அச்சாகியிருந்தது.

எடுத்தாள். நடுவில் கிழித்தாள். கசக்கினாள். இந்தப் பூட்ஸில் பாதி, அந்தப் பூட்ஸில் பாதி. முனை வரை அழுத்தினாள்.

கொட்டகையில் ஓர் இருமல்கூட இல்லை. அந்த ஊரில் அது அபூர்வம்.

"என்னம்மா காரியம் பண்றே!" என்றார் காரியதரிசி.

அவள் பூட்ஸைத் திரும்ப அவன் காலில் மாட்டி, கயிற்றை இழுத்து முடிந்தாள்.

"கீழ எறங்கறப்ப கால் வழுக்கக் கூடாதில்ல, சாமி."

துரை பக்கத்து ஆளிடம் அர்த்தம் கேட்டார். அவர் ஏதோ நல்லதாகச் சொல்லியிருக்க வேண்டும்.

துரை கைதட்டினார்.

சங்கு ஊதியது. சாயங்கால ஷிப்ட். பின்வரிசைகள் எழுந்து வெளியே போய், சுரங்கத்தின் இறங்கு கூண்டுக்கு முன்னால் நின்றன. மேடையிலிருந்து பார்த்தால் தெரிந்தது.

அவன் எழுந்து நின்றான். பூட்ஸ் இப்போது கச்சிதமாக இருந்தது.

வரிசையின் நடுவில் ஒருவன் திரும்பி அவனைப் பார்த்தான்.

பிறகு ஓர் அடி பின்னால் நகர்ந்தான். முன்னால் ஓர் ஆள் நிற்கிற இடம் விட்டு.