வலிக்காத தோட்டா

"சுட்டா கை வலிக்கக்கூடாது. அப்படி ஒரு தோட்டா வேணும்" என்றார் அந்த மனிதர்.

வெர்லாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மினசோட்டாவின் வடகோடியில் இந்தத் துப்பாக்கிக் கடையை இருபது வருஷமாக நடத்துகிறாள். மரம் அறுத்துக் காய்த்துப்போன கைகளை வைத்துக்கொண்டு இப்படிக் கேட்ட ஆளை அவள் பார்த்ததில்லை.

"உங்க கைக்கா வலிக்கும்? துப்பாக்கிக்குத்தான் வலிக்கும் பெரியவரே!"

அவர் சிரிக்கவில்லை. பையிலிருந்து ஒரு குட்டி ரிவால்வரை எடுத்து வைத்தார். ஐந்து தோட்டா பிடிப்பது, இரண்டு அங்குலக் குழல். எடுத்தால் கையில் கனமே தெரியவில்லை.

"எனக்கில்ல. ஒரு பொண்ணுக்கு. சின்னக் கை."

"மகளா?"

"மக மாதிரிதான்."

வெர்லா வேலையில் இறங்கினாள். "லேசான துப்பாக்கிதான் ஜாஸ்தி உதைக்கும். மருந்து கூடுதலான தோட்டாவைப் போட்டா முதல் வெடியிலயே மணிக்கட்டு போயிடும், ரெண்டாவது வெடி கூரையிலதான். இந்தாங்க, நுனியில குழி வெச்சது. உதை கம்மி. உடம்புல பட்டதும் விரிஞ்சு ஆளை நிறுத்திடும்."

"கனத்த ஜாக்கெட் போட்டிருந்தா?"

"எவ்வளவு கனம்?"

அவர் தன் பழுப்பு ஜாக்கெட்டைக் கழற்றிக் கவுண்டர்மேல் போட்டார். முரட்டு கான்வாஸ், உள்ளே கம்பளி. "இதே ஜாக்கெட்."

"இதே மாதிரியா?"

"இதேதான். வெள்ளிக்கிழமை இதே மாதிரி ஒண்ணைப் போட்டுக்கிட்டுத்தான் வருவான்."

வெர்லாவின் கை பெட்டிமேல் அப்படியே நின்றது. வீட்டைக் காக்கத் தோட்டா வாங்குகிறவர்களுக்கு வரப்போகிறவன் யாரென்றே தெரியாது. இவருக்கோ நாள் தெரிகிறது, உடுப்பு தெரிகிறது. பொண்ணு, சின்னக் கை எல்லாம் கட்டுக்கதையோ? இவர்தான் யாரையோ போய்ச் சுடப்போகிறாரோ?

சந்தேகம் வந்தால் விற்பதில்லை என்பது அவள் கடை வழக்கம். பெட்டியை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"வெள்ளிக்கிழமைன்னு எப்படித் தெரியும்?"

"அன்னிக்குத்தான் அவ புருஷனை ஜெயில்லேர்ந்து விடறாங்க. போன தடவை அவ தாடையை உடைச்சான். கிட்ட வரக்கூடாதுன்னு கோர்ட்டுல எழுதிக் குடுத்த காகிதம் அவகிட்ட இருக்கு. காகிதம் என்னம்மா பண்ணும்?"

சந்தேகம் தீர்ந்தது. வெர்லா குழித் தோட்டாவை உள்ளே வைத்துவிட்டு வேறொரு பெட்டியை எடுத்தாள்.

"அப்ப அது வேணாம். கனத்த துணி அந்தக் குழியை அடைச்சிட்டா விரியாது. இது மூக்கு தட்டை, வெறும் ஈயம். அவ கையையும் உதைக்காது, இந்த ஜாக்கெட்டையும் தாண்டிடும்."

"தாண்டிடுமா?"

"நிச்சயமா."

அவர் பெட்டியைக் கையில் வாங்கிக்கொண்டு நகராமல் நின்றார். முகம் வெளிறியிருந்தது. வெர்லாவுக்கு மனசு கேட்கவில்லை.

"நாசமாப் போறவன்! பொண்டாட்டி தாடையை உடைக்கறவனெல்லாம் ஒரு மனுஷனா? ஆமா, அவன் ஜாக்கெட்டு வரைக்கும் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் கவுண்டர்மேல் கிடந்த ஜாக்கெட்டைத் தடவினார்.

"எனக்கொண்ணு, என் மகனுக்கொண்ணுன்னு போன கிறிஸ்துமஸுக்கு நான்தாம்மா வாங்கினேன்."