ஒட்டாத முடிச்சுகள்

"மேடம், நேத்து கம்ப்யூட்டர்ல நீங்க போட்ட கணக்கு தப்பு! இந்தக் காரோட ஸ்டியரிங் கம்பி தானா உடையவே உடையாது." பக்கத்து சீட்டுக்காரர் உற்சாகமாக நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தார்.

அவள் மேஜையிலிருந்த செல்போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"கம்ப்யூட்டர் படத்துல கம்பிக்குப் பொடிக்கண்ணா வலை பின்னியிருக்கீங்க. அதைப் பிடிக்கிற மூட்டுக்குப் பெரிய கண்ணு. ரெண்டும் சேர்ற இடத்துல பாதி முடிச்சு எதுலயும் ஒட்டாம தொங்குது. கம்ப்யூட்டர் உடைஞ்சதுன்னு சொல்லாம என்ன செய்யும்?"

வேலைக்குச் சேர்ந்த புதிதில் செய்கிற தப்பு. நேற்று 'உடைந்தது' என்ற முடிவைப் பார்த்ததும், சரிபார்க்க அவளுக்கு மனம் வரவில்லை.

"எல்லாத்தையும் ஒழுங்கா இணைச்சுட்டேன். ஓட்டும்போது கல்லு மாதிரி நிக்குது. எதிலயாவது மோதினாதான் உடையும். யாரு கஸ்டமரோ, அவரை நிம்மதியாத் தூங்கச் சொல்லுங்க!"

"இன்னொரு தடவை போட்டுப் பாருங்க சார்."

"எத்தனை தடவை போட்டாலும் இதேதான் மேடம்."

செல்போன் அதிர்ந்தது. மகன். மனைவியையும் குழந்தையையும் காரில் கூட்டிப்போய், விபத்துக்குப் பிறகு தனியாகத் திரும்பியவன். "உன் மேல தப்பில்லடா, ஸ்டியரிங்தான் உடைஞ்சிருக்கு" என்று நேற்று அவள் சொன்ன பிறகுதான் ஒரு வாய் சாப்பிட்டுப் படுத்தான்.

"அம்மா, நிஜமாவே அது முதல்ல உடைஞ்சுதாம்மா? மோதினப்புறம் இல்லையே? நான் கண் அசந்துடலையே?"

பக்கத்து சீட்டுக்காரர் திரையைக் காட்டிக் கட்டைவிரலை உயர்த்தினார்.

"முதல்லயே உடைஞ்சுடுச்சுடா கண்ணா" என்றாள். "இப்பக்கூட இன்னொருத்தர் சரிபார்த்துச் சொன்னாரு."