தெற்றுப்பல்

“நீலக் குறி போட்டிருக்காங்க பாருக்கா. முகத்தைக் காட்டி, தலையை அப்படி இப்படித் திருப்பிக் காட்டினாத்தான் அந்தக் கல்யாண ஆப்புல இந்தக் குறியே கிடைக்கும். கண்டவனுக்கெல்லாம் கொடுக்க மாட்டாங்க.”

தங்கை நீட்டிய போனை அக்கா உடனே வாங்கவில்லை. அவள் கையில் பாதி தேய்த்த பல் செட் இருந்தது. பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சுகளை வைத்துப் பொய்ப்பல் செய்துகொடுக்கும் லேப் அது. மாடியில் ஒற்றை அறை, சுவர் முழுக்க அலமாரி, அலமாரி முழுக்கப் பழைய பிளாஸ்டர் வாய்கள். இருபது வருடமாக ஊரார் வாயிலெல்லாம் அவள் கைவேலைதான். ஆனால் அந்த வாய்களுக்குச் சொந்தக்காரர்களின் முகத்தை அவள் பார்த்ததே இல்லை.

அம்மாவும் அப்பாவும் போன பிறகு தங்கைக்கு எல்லாமே அக்காதான். அந்த உரிமையில், வருகிற வரனையெல்லாம் பல்லைப் பார்த்தே தட்டிக்கழித்துவிடுவாள். ஒருவன் தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறவன், முன்கோபி. இன்னொருவன் சிரிக்கும்போது மேலுதட்டை இறக்கிக்கொள்கிறான், எதையோ மறைக்கிறான். மாட்டுச் சந்தையில்கூட இவ்வளவு பார்க்க மாட்டார்கள் என்று தங்கை நொந்துகொள்வாள். முப்பத்திரண்டு வயதில் தனக்குத் தானே ஆப்பில் தேட ஆரம்பித்தது அதனால்தான்.

அக்கா குறுக்கு விசாரணையைத் தொடங்கினாள். ஆப்பை நடத்துவது யார், புகார் கொடுத்தால் காதில் போட்டுக்கொள்வார்களா, ஆள் ஏதாவது கேட்டுத் தொந்தரவு செய்தானா. எல்லாவற்றுக்கும் தங்கையிடம் பதில் இருந்தது. இரண்டு மாதமாகப் பேசுகிறார், வீடியோவில் வருகிறார், ஒரு தப்பான வார்த்தை கிடையாது.

“இன்னும் சொல்லப்போனா உன்னைப் பத்திதான்கா அதிகமா விசாரிப்பார். உன் வேலை, உன் லேப், எல்லாம். பொண்டாட்டியா வரப்போறவளோட அக்கா மேல இவ்வளவு அக்கறை யாருக்கு இருக்கும், சொல்லு.”

அக்காவுக்கே மனசு கொஞ்சம் இளகியது. கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கினாள். தாடி வைத்த, பார்க்க லட்சணமான ஆள், வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தான். பழக்கதோஷத்தில் படத்தைப் பெரிதாக்கிப் பல்லைப் பார்த்தாள். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

“இந்தப் பல்லு நான் செஞ்சது.”

மேல்வரிசையில் இடதுபக்கம் ஒரு தெற்றுப்பல். எல்லாரும் வரிசையான பல்லுக்கு ஆசைப்படுவார்கள். ஒரே ஓர் ஆள் மட்டும், விழுந்த பல் எப்படிக் கோணலாக இருந்ததோ அப்படியே வேண்டும் என்று டாக்டரிடம் சொல்லியனுப்பியிருந்தான். நுனியில் இருந்த வெள்ளைப் புள்ளியைக்கூட விடவில்லை. மூன்று நாள் மெனக்கெட்டு அவள் வைத்த புள்ளி அது.

“இருக்கட்டுமே. பல் செட் வச்சவரைக் கட்டிக்கக் கூடாதா?”

“அதில்லடி. அந்த ஆள் செத்து மூணு வருஷமாச்சு.”

ஏரியில் ஓர் உடல் ஒதுங்கியிருந்தது, முகம் தெரியாத நிலையில். வாயில் இருந்த செட்டை, பல் டாக்டர் கைகாட்டியபடி, போலீஸ்காரர்கள் இவளிடம் கொண்டுவந்தார்கள். தெற்றுப்பல்லையும் புள்ளியையும் பார்த்து, என் வேலைதான், இன்னாருக்குச் செய்ததுதான் என்று இவள் கையெழுத்துப் போட்டாள். அதோடு கேஸ் முடிந்தது. அந்த டாக்டரைக் கேட்கலாம் என்றால், பாவம், போன வருடம் மாடிப்படியில் உருண்டு அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். செத்தவன் படத்தை எவனோ திருடிப் போட்டிருக்கிறான், வீடியோவையும் கம்ப்யூட்டரில் செய்துவிடலாம், இந்த ஆப்பும் வேண்டாம் ஆளும் வேண்டாம் என்றாள் அக்கா.

தங்கைக்குச் சிரிப்பு வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது. இதுவரை கறையைச் சொன்னாய், கோணலைச் சொன்னாய், இப்போது ஆளையே சாகடித்துவிட்டாயா என்று கேட்டாள்.

“செத்தவர் தெருமுனையில வண்டியில உட்கார்ந்திருக்காருக்கா. உன்னைப் பார்க்கத்தான் வந்திருக்கார். கூட்டிட்டு வரேன், நீயே வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துக்கோ.”

அக்கா மேசையில் வைத்திருந்த போனை அங்கேயே விட்டுவிட்டு, செருப்புச் சத்தம் கேட்க விடுவிடுவென்று படியிறங்கினாள்.

அக்காவுக்கு ரோஷம் வந்தது. வரட்டும், எவனாக இருந்தாலும் அச்சோடு ஒத்துப்பார்த்தால் சாயம் வெளுத்துவிடும். ஸ்டூலைப் போட்டு ஏறி, மேல்தட்டிலிருந்து அந்தப் பழைய அட்டைப்பெட்டியை எடுத்தாள். போலீஸ் வந்த அன்றுகூட இதைத் திறக்கவில்லை. தன் கைவேலைமேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

பெட்டிக்குள் அச்சு பத்திரமாக இருந்தது. அதோடு டாக்டரின் வேலைச் சீட்டு. அதன் பின்னால், துருப்பிடித்த குண்டூசியில் இன்னொரு சீட்டு, டாக்டர் போனில் சொன்னதை அவளே குறித்துவைத்தது.

‘முதல் செட் தொலைந்துவிட்டதாம். அதே அச்சில் அச்சு அசலாக இன்னொன்று. அவசரம்.’

தேதி, உடல் கிடைப்பதற்குப் பன்னிரண்டு நாள் முன்பு. அன்று போலீஸ் கேட்டது யார் செட் என்றுதான்; எத்தனை செட் என்று யாரும் கேட்கவில்லை, அவளுக்கும் தோன்றவில்லை.

தேதியை இன்னொரு முறை படித்தாள். நிமிர்ந்து பார்த்தால், மேசையில் கிடந்த போனில் அவன் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான். செட் இரண்டு. ஒன்றை யாரோ ஓர் அப்பாவியின் வாயில் திணித்து ஏரியில் தள்ளி, தானே செத்ததாகக் கணக்குக் காட்டியிருக்கிறான் இவன். அது தெரிந்த டாக்டர் படியில் உருண்டுவிட்டார். மிச்சம் இருப்பது இந்தச் சீட்டும் அவளும்தான்.

படியில் செருப்புச் சத்தம் திரும்பி வந்தது. அதன் பின்னாலேயே, அவசரமே இல்லாத ஷூ சத்தம்.

“அக்கா, நீ சொன்னதையெல்லாம் அவர்கிட்ட அப்படியே சொல்லிட்டேன், துளிகூடக் கோவப்படலை,” என்று தங்கையின் குரல் சந்தோஷமாக மேலே ஏறி வந்தது. “நீ பழைய அச்சையெல்லாம் இன்னும் வச்சிருக்கியான்னு மட்டும் கேட்டார், ஆப்புல பேசின முதல் நாளும் இதையேதான் கேட்டார்.”