சீசரின் காலில் கட்டிய கடிகாரம்

தணிகாசலம் சாருக்கு நடப்பதென்றாலே வேப்பங்காய். தினம் பத்தாயிரம் அடி நடந்தே ஆகவேண்டும் என்று ஆபீஸில் எல்லோருக்கும் ஒரு கடிகாரம் கொடுத்தார்கள். அவர் அதைத் தன் நாய் சீசரின் முன்னங்காலில் கட்டிவிட்டு, மிக்சர் தட்டோடு சோபாவில் சாய்ந்துகொண்டார்.

"எழுந்திருங்கள் சார், நடக்கலாம்" என்றது கடிகாரம்.

"நான் சார் இல்லை, நாய்" என்றது சீசர்.

"யாருடைய நாடி எனக்குக் கேட்கிறதோ, அவர்தான் சார்."

அந்தக் குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. சீசருக்கு முதுகு மயிர் சிலிர்த்தது. ஆனாலும் எழுந்து ஓடியது. ஆறு மாதத்தில் அதன் வயிறு ஒட்டி, கால்கள் இறுகிவிட்டன. சாருக்கோ செருப்பு மாட்டக் குனிந்தாலே மூச்சு வாங்கியது.

ஒரு ஞாயிறு மதியம் சார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். முகமெல்லாம் வியர்வை. டாக்டரிடம் போகலாம் என்று மனைவி பதறினாள். அவர் செல்போனைத் திறந்து, கடிகாரம் அனுப்பியிருந்த செய்தியைக் காட்டினார்: 'இதயம் பிரமாதம்.'

"பார்த்தாயா, வெறும் வாயுதான்" என்று அவளைச் சோடா வாங்க அனுப்பினார்.

அவள் திரும்புவதற்குள் வீடு ரொம்பவும் அமைதியாகிவிட்டது. சீசர் சோபாவில் ஏறி, அவர் மார்பில் காதை வைத்துக் கேட்டது. வெகுநேரம் கேட்டது.

"சாரிடம் சத்தமே இல்லையே" என்று முனகியது.

"சார் நன்றாகத்தான் இருக்கிறார்" என்றது காலில் கிடந்த கடிகாரம். "கொஞ்சம் படபடப்பு, அவ்வளவுதான். எழுந்திருங்கள் சார், இன்னும் இரண்டாயிரம் அடி இருக்கிறது."